வெந்நீர் கேட்காத கால்கள்

திருட்டுப் போன வீட்டுக்குப் போனால் திருடனைத் திட்டுவதுதான் முறை. சதீஷுக்கோ அவனைப் பாராட்டத்தான் தோன்றியது. வட்டவடையில் ஆனந்தியின் வாசலில் நின்ற சைக்கிளை அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், மறுபக்கம் போயும் பார்த்தான். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவன், பழைய பெடல் செட்டை இருந்த இடத்திலேயே மாட்டி, செயினை அளவாக இழுத்து, கிரீஸும் தடவிவிட்டுப் போயிருந்தான்.

"ஒர்க்‌ஷாப்புல விட்டாக்கூட இவ்வளவு செய்ய மாட்டானுகக்கா," என்றான். "திருடன் நம்பர் கிடைச்சா எனக்கும் குடுங்க. நம்ம பைக்குக்கு சர்வீஸ் பாக்கணும்."

செல்வலட்சுமி சிரிக்கவில்லை. பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றி, அது சத்தமில்லாமல் ஓடி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூணாறில் ஒரு பேக்கரியின் மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். துப்பறிதல் என்று பலகையில் போட்டிருந்தாலும், வருகிற வேலையெல்லாம் அநேகமாக வரன் விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பானா, சீட்டாடுவானா, ஏற்கெனவே எங்காவது ஒரு குடும்பம் இருக்கிறதா. கீழே கேக் வெந்துகொண்டிருக்கும். மேலே கல்யாணங்கள் உடைந்துகொண்டிருக்கும். சதீஷ் முன்பு சுற்றுலா ஜீப் ஓட்டியவன். வெயில் காலத்தில் வந்த ஒரு குடும்பத்திடம், இந்த அருவியைவிட எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் அதிகம் வரும் என்று உண்மையைச் சொன்னதால் வேலை போயிற்று. அந்த வாய்க்காகவே செல்வலட்சுமி அவனைச் சேர்த்துக்கொண்டாள். எதிரில் இருப்பவர்கள் அவன் பேச்சைக் கேட்டு எரிச்சலில் இருக்கும்போது, அவள் நிம்மதியாக வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம்.

ஆனந்தியின் சைக்கிள் ஊரில் மற்றவர்கள் வைத்திருக்கும் சைக்கிள் மாதிரி இல்லை. மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் விருந்தாளிகளின் பெட்டிகளை ஏற்றியது. பின்பக்கம் கட்டில் மாதிரி நீண்டிருக்கும், இருபுறமும் மூட்டை உட்காரப் பலகை, ஒழுங்கான கியர். தோட்டங்களிலிருந்து கேரட், முட்டைகோஸ், பூண்டு எல்லாவற்றையும் அதில் ஏற்றி, ஜீப் வந்து நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவள் பிழைப்பு. இறக்கத்தில் சைக்கிள் அவளைச் சுமந்தது. ஏற்றத்தில் அவள் சைக்கிளைச் சுமந்தாள்.

அதனால்தான் மோட்டார் வாங்கினாள். சக்கரத்துக்குள் வைக்கிற மோட்டார் இந்த மலைக்குத் திணறும். பெடல் அச்சு இருக்கிற இடத்தில் பொருத்துகிற மிட்-டிரைவ் மோட்டார் என்றால் செயின் வழியாக இழுக்கும்; கியரைக் குறைத்துவிட்டால் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறும். இதையெல்லாம் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு, பழைய அச்சைப் பிடுங்கி, மோட்டாரை அடிவயிற்றில் தொங்கவிட்டு, அதன் ரிங்கை இறுக்கி, பேட்டரியை நடுக்கம்பியில் பூட்டி, வயர் கட்டியது எல்லாம் அவள்தான். அவள் கணவன் வீரபாண்டியின் வேலை சைக்கிளை ஆடாமல் பிடித்துக்கொள்வது. பிடித்துக்கொண்டு நின்ற அலுப்புக்கு, மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் எருமைக்கு எஞ்சின் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அந்தச் சிரிப்பு ஆனந்தியின் காதுக்கும் வந்து சேர்ந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வட்டவடைப் பெண்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்கு அர்த்தம் இல்லை என்று அர்த்தமில்லை.

மோட்டார் போனது போன வாரம். மேட்டுப் பள்ளிக்கூடத்து உச்சக்கஞ்சிக்கு, அதாவது பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு, காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஆனந்திக்கு என்று பேச்சாகியிருந்தது. வருகிற திங்கட்கிழமை காலையில் மூட்டையோடு அவள் அந்த மேட்டை ஏறிக் காட்ட வேண்டும். ஏறிவிட்டால் வருஷம் முழுக்க வேலை அவளுக்கு. ஏறாவிட்டால் பழையபடி அருண்பாண்டியின் ஜீப்புக்கு. இன்றைக்குச் சனிக்கிழமை.

போலீசுக்குப் போகாமல் அவள் செல்வலட்சுமியைக் கூப்பிட்டதற்கும் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வீரபாண்டியை விசாரித்துச் சொன்னவளே செல்வலட்சுமிதான். குடி இல்லை, கடன் இல்லை, பொய் இல்லை என்று மூன்றே வார்த்தையில் சான்று கொடுத்திருந்தாள். அந்த மூன்றும் இதுநாள் வரை பொய்க்கவில்லை என்பதால், அவள் கண்ணுக்குத் திருடனும் தப்ப மாட்டான் என்பது ஆனந்தியின் கணக்கு.

"கழட்டத் தெரிஞ்சவங்க ஊர்ல யாரு இருக்கா?" என்று செல்வலட்சுமி கேட்டாள்.

"நான் ஒருத்திதாங்க்கா," என்றாள் ஆனந்தி. "அந்த ரிங்கைக் கழட்டுறதுக்குன்னே தனி ஸ்பானர். அது இங்கதான் தொங்குது, பாருங்க."

சுவரில் ஸ்பானர் தொங்கியது. மோட்டாரும் பேட்டரியும் மட்டும்தான் போயிருந்தன. சார்ஜர்கூட அலமாரியில் அப்படியே இருந்தது. சார்ஜரை மறந்துவிட்டுப் போனவன் அரைகுறைத் திருடன், மொபைல் திருடிப் பழகியிருக்க மாட்டான் என்று சதீஷ் முடிவு கட்டினான். அதற்குள் அவன் மனதில் குற்றவாளியும் தயாராகியிருந்தான். மோட்டார் போனால் யாருக்கு லாபம்? ஜீப்காரனுக்கு. இதற்கு மூணாறிலிருந்து இரண்டு பேர் வர வேண்டுமா என்பதுதான் அவன் சந்தேகம்.

அருண்பாண்டியின் ஜீப் கொட்டகையில் அவர்கள் நுழைந்தபோது அவன் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மூலையில் கோணிச்சாக்கு போட்டு மூடி, வயர் நீட்டிக்கொண்டு ஏதோ ஒன்று இருந்தது. சதீஷ் பூனை மாதிரி நடந்து போய்ச் சாக்கைத் தூக்கினான். உள்ளே இருந்தது ஒரு பழைய வைப்பர் மோட்டார். அதை வைத்து ஒரு சைக்கிளின் கண்ணாடியைக்கூடத் துடைக்க முடியாது, சைக்கிளுக்குக் கண்ணாடி இருந்தாலும்.

ஜீப்புக்கு அடியிலிருந்தே அருண்பாண்டி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னான். அந்தப் பள்ளிக்கூடத்து மேடு தன் ஜீப்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்றான். இப்போது படுத்திருப்பதும் அந்த மேட்டுக்குப் பலியான கிளட்ச்சுக்காகத்தான். விட்டுவிடலாம் என்றால், பிள்ளைகள் சாப்பாட்டு விஷயம். ஊர் சும்மா விடாது. ஆனந்தி எடுத்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே முருகனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டானாம்.

"முடி இன்னும் இருக்கேண்ணே," என்றான் சதீஷ்.

அருண்பாண்டி வெளியே வந்து, கிரீஸ் கையாலேயே தலையைத் தடவிக் காட்டினான். "மோட்டார் போயிருச்சே தம்பி. அந்தப் புள்ள மேடேறட்டும், மறுநாளே எடுத்துருவேன். முடியைக் காப்பாத்துறதுக்கா திருடுவாக?"

திரும்பி நடக்கும்போது சதீஷ் வெகுதூரம் பேசவில்லை. அவன் பேசாமல் வந்ததே அன்றைக்கு முதல் அதிசயம் என்று செல்வலட்சுமி சொன்னாள்.

ஆனந்தியின் வீட்டில் அவர்களுக்காகக் காப்பி காத்திருந்தது. கூடவே மாமியார் மாரித்தாயும் காத்திருந்தாள். அவள் இரண்டு கால்களிலும் மஞ்சளும் எண்ணெயும் வைத்துத் துணி சுற்றியிருந்தது. வாய்க்கு மட்டும் கட்டு இல்லை. மருமகளின் மோட்டாரைக் கொண்டுபோனவன் கை முடங்க வேண்டும், அவன் சோற்றில் மண் விழ வேண்டும், அவன் பெற்ற தாய் அவனை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் என்று வரிசையாக வேண்டிக்கொண்டிருந்தாள். காளியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவதாகவும் ஏற்பாடாம்.

காலில் என்ன என்று செல்வலட்சுமி கேட்டாள். கேரட் கால் என்றாள் கிழவி. வட்டவடையில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிடுங்கிய கேரட்டை ஓடைக் குழியில் கொட்டி, தண்ணீரைத் திருப்பிவிட்டு, காலால் மிதித்து மிதித்துத்தான் மண்ணைக் கழுவுவார்கள். தை மாதத்து ஓடைத் தண்ணீர் ஐஸ். மிதிக்கிறவர் பாதம் வெடித்து, வெடிப்பில் மண் ஏறி, ஆறாமல் அழுகும். பச்சைத் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இப்போது மகன் ஒருவனே மிதிக்கிறானாம். இரண்டு ஆள் வேலை. பாவம், ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை என்று மாரித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செல்வலட்சுமி கேட்டுக்கொண்டே அலமாரிப் பக்கம் நகர்ந்து, சார்ஜர் மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. குளிரில் அவளுக்கு விரல் விறைத்துப் போயிருக்கும் என்று நினைத்த சதீஷ், கை காய வேண்டுமென்றால் அடுப்பு அந்தப் பக்கம் என்று உதவி செய்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். எத்தனையோ மாப்பிள்ளைகளைப் பார்த்த பார்வை அது.

பொழுது சாயும் நேரத்துக்கு வீரபாண்டி வந்தான். ஒல்லியான, நல்ல முகம் உள்ள ஆள். முதுகில் அரை மூட்டை கேரட். செல்வலட்சுமியைக் கண்டதும் கும்பிட்டான். திருடனைக் கண்டுபிடிக்கத் தன்னால் ஆன உதவி செய்வதாகச் சொன்னான். சொல்லிவிட்டு அம்மாவின் வேண்டுதல் காதில் விழுந்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். சதீஷ் ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தான். கேரட் பளபளவென்று இருந்தது. தலைப்பக்கத்து மடிப்பில்கூட மண் இல்லை. கீழே இருக்க வேண்டிய மெல்லிய வால் ஒடிந்து போயிருந்தது. அவன் எடுத்த அடுத்ததிலும் வால் இல்லை.

"பல்பொடி விளம்பரத்துல வர்ற கேரட் மாதிரில்ல இருக்கு," என்றான் வாய் நிறைய.

அடுப்பில் பெரிய அலுமினியப் பானையில் வெந்நீர் தளதளத்தது. ஆனந்தி அதை இறக்கி, உப்புப் போட்டு, சதீஷின் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். சதீஷ் வெட்கப்பட்டான். மிதிக்கிற ஆளுக்கு அல்லவா இது என்றான்.

"அவருக்கு வேணாமாம்," என்றாள் ஆனந்தி தாழ்ந்த குரலில். "முன்னெல்லாம் வாசல்ல வரும்போதே வெந்நீருன்னு கத்துவாரு. மோட்டார் போனதுலருந்து கேக்குறதே இல்ல. எனக்காகத்தான் மனசு விட்டுட்டாரு போல."

சதீஷ் உருகிப்போனான். இப்படி ஒரு கணவன் என்று நினைத்துக்கொண்டே வெந்நீரில் காலை விட்டான். எதிரில் வீரபாண்டி காலை மடக்கி உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். அந்தக் கால்களைத்தான் செல்வலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவு அங்கேயே தங்கினார்கள். மறுநாள் காலையில், வெயில் சரிவில் இறங்கிய பிறகு, அவள் சதீஷை எழுப்பி ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து வா என்று ஆனந்தியிடம் சொல்லியிருந்தாள். வழியெல்லாம் அடுத்தவர்களின் கேரட் குழிகள். ஆணும் பெண்ணும் உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்பும் பல் கிடுகிடுப்பும் கலந்து கேட்டன.

வீரபாண்டியின் குழி கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால், தனியாக இருந்தது. அங்கிருந்து பேச்சு வரவில்லை. பெரிய வண்டு ஒன்று தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. மறைத்துக் கட்டியிருந்த தார்ப்பாயை விலக்கிப் பார்த்த சதீஷ், அக்காவும் பார்க்கட்டும் என்று அதைத் தூக்கிப் பிடித்தான்.

துருப்பிடித்த பழைய சைக்கிள் ஒன்றின் உடம்பு மட்டும் கல்லில் கட்டப்பட்டிருந்தது. அதன் அடிவயிற்றில் ஆனந்தியின் மோட்டார். அங்கிருந்து செயின் போய், ஓட்டை போட்ட நீல டிரம் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. டிரம்முக்குள் கேரட் உருண்டது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பக்கத்தில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் ஆவி பறக்கும் டீ கிளாஸோடு, வேலை செய்கிற ஒரே ஆள் நின்றான். அவன் வேலை, டிரம் நின்றால் தெரிந்துகொள்வது.

"மோட்டாரை நீங்களா எடுத்தீங்க?" என்று செல்வலட்சுமி கேட்டாள்.

"ஆமாங்க்கா," என்றான் வீரபாண்டி.

அவ்வளவு சீக்கிரம் வந்த ஒப்புதலை என்ன செய்வது என்று சதீஷுக்குத் தெரியவில்லை. மடக்கிக் கேட்பதற்காக இரவெல்லாம் யோசித்து வைத்த கேள்விகள் வீணாயின.

செல்வலட்சுமி தான் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை விறகு எண்ணிப் போடுகிறவள் மாதிரி சொன்னாள். பெடலை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற திருடன் அந்த சைக்கிள் ஓடாவிட்டால் வருத்தப்படுகிறவன். மாட்டும்போது பிடித்துக்கொண்டு நின்றவனுக்குக் கழற்றவும் தெரியும். பேட்டரியை எடுத்து சார்ஜரை விட்டவன் அதை மறக்கவில்லை, அது அங்கே இருப்பதுதான் அவனுக்கு வசதி. நேற்று அந்த சார்ஜர் சூடாக இருந்தது; அப்படியென்றால் பேட்டரி யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு வந்து போகிறது. கேரட்டுக்கு வால் இல்லை. காலால் மிதித்தால் வால் தங்கும், உருட்டினால்தான் ஒடியும். எல்லாவற்றுக்கும் மேலே, தை மாதத்தில் ஓடையில் நின்றுவிட்டு வந்து வெந்நீர் கேட்காத கால் வட்டவடையில் கிடையாது.

வீரபாண்டி டீயைக் கீழே ஊற்றினான். அம்மா கால் ஆற வேண்டும், அறுவடை நிற்காது, ஒற்றை ஆளாய் முடியவில்லை என்றான். இன்றைக்குச் சாயங்காலம் சைக்கிளில் திரும்ப மாட்டிவிடலாம், திங்கட்கிழமைக்கு ஒரு குறையும் வராது என்றுதான் இருந்தானாம்.

"ஆனந்தி ஊர்ல எல்லாரையும் கேட்டா," என்றான். "அருண்பாண்டியக் கேட்டா, கடைக்காரங்களக் கேட்டா, கோயில் பூசாரியக்கூடக் கேட்டா. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"உங்க மேல அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை," என்றாள் செல்வலட்சுமி.

அவன் முகம் போன போக்கைப் பார்த்தால், இதற்கு அவனை ஸ்டேஷனுக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று தோன்றியது.

ஆனந்தி எப்போது வந்து நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தாள். கத்தவில்லை. குனிந்து மோட்டாரின் ரிங் இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இருந்தது. டிரம்மிலிருந்து ஒரு கேரட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை கால் ஆறிட்டு வர்றது இதனாலதானா?"

வீரபாண்டி தலையாட்டினான்.

அவள் சைக்கிளிடம் போனாள். பின்சக்கரத்தை ஒரு கையால் நிலத்திலிருந்து தூக்கிக் காட்டினாள். "இப்படித் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தி, டிரம்மைச் சக்கரத்தோட சேத்து வச்சா சக்கரமே சுத்திவிடும். கழட்டவே வேணாம். காலையில நான் ஏத்திட்டுப் போறேன், மத்தியானம் நீங்க கழுவிக்கங்க. இதை ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்குறதுக்கு என்னங்க?"

"எப்படிக் கேக்குறது," என்றான் அவன். "எருமைன்னு சொல்லிட்டேனே."

சதீஷ் சிரித்துவிட்டான். பிறகு தான் ஒருவன்தான் சிரித்தோம் என்று தெரிந்து இருமினான்.

ஆனந்தி சைக்கிளைத் திரும்ப மரத்தில் சாய்த்தாள். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னாள். ஒன்று, மோட்டாரை இப்போதே தன் சைக்கிளில் மாட்ட வேண்டும். மாட்டுவது அவன், பிடித்துக்கொள்வது அவள். இரண்டு, அத்தையிடம் உண்மையை அவனே சொல்ல வேண்டும். மூன்றாவதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் கொஞ்சம் ஆடியது.

"எந்த டீக்கடையில சிரிச்சீங்களோ அங்க போய்ச் சொல்லணும். எருமைக்கு வச்ச எஞ்சின் நல்லாருக்குன்னு திருடினது நாந்தான்னு சொல்லணும். எல்லாரும் இருக்குற நேரம் பாத்து."

முதல் இரண்டுக்கும் சரி என்ற வீரபாண்டி, மூன்றாவதுக்கு ஓடைத் தண்ணீரை ஏக்கத்தோடு பார்த்தான். வெறுங்காலோடு அதில் நிற்பது அவனுக்கு அந்த நிமிஷம் பெரிய கஷ்டமாகத் தோன்றியிருக்காது.

கூலியாக அரை மூட்டை வாலில்லாக் கேரட்டை வாங்கிக்கொண்டு அன்றைக்கே இருவரும் மூணாறு திரும்பிவிட்டார்கள். திங்கட்கிழமை முழுக்க சதீஷ் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வட்டவடையில் சிக்னல் வேறு சரியாகக் கிடைக்காது. மேடு ஏறினாளா, நடுவில் செயின் அறுந்ததா என்று நினைத்து நினைத்துக் கேரட்டாகத் தின்று தீர்த்தான். செல்வலட்சுமி ஒரு தேயிலைத் தொழிற்சாலை மாப்பிள்ளையின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பேக்கரிக்கு எதிரில் ஒரு ஜீப் வந்து நின்றது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்த சதீஷ் ஓட்டுநர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தலை பளபளவென்று, சந்தனம் பூசி, வெயிலில் மின்னியது.

"ஆனந்தி மேடேறிருச்சுக்கா," என்று கத்தினான். அவன் தானாகத் துப்பறிந்து சரியாகச் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

அருண்பாண்டி மேலே வந்து மீதியைச் சொன்னான். மேட்டில் பாதி வழியில் மோட்டார் திணறியதாம். பின்னாலேயே நடந்து வந்த வீரபாண்டி, கியரைக் குறை, டிரம்மும் இப்படித்தான் முனகும் என்று கத்தினானாம்; அவள் குறைத்ததும் மூட்டையோடு பள்ளிக்கூட வாசல் வரை நிற்காமல் போனாளாம். டீக்கடையில் அவன் எல்லாவற்றையும் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லையாம். டிரம்முக்கு எங்கே ஓட்டை போட்டாய் என்றுதான் ஆளுக்கு ஆள் கேட்டார்களாம். கஷ்டமெல்லாம் மாரித்தாய்க்குத்தான். கை முடங்க, சோற்றில் மண் விழ என்று காளியம்மனிடம் கொடுத்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாளாம். மிளகாயைக் குழம்பில் போட்டாகிவிட்டது.

அவன் போன பிறகு சதீஷ் மெல்ல ஆரம்பித்தான். அன்றைக்கு வீரபாண்டிக்குக் கொடுத்த சான்றை இப்போது மாற்ற வேண்டாமா, வாரண்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

செல்வலட்சுமி மேசை மேலிருந்த ஃபைலைப் புரட்டினாள்.

"குடி இல்ல, கடன் இல்ல, பொய்யும் இல்ல. மூணும் அப்படியே நிக்குது," என்றாள். "கேக்காமச் சொல்லுவானான்னு மட்டும் நான் விசாரிக்கல. கீழ போய், பேக்கரியில காத்திருக்கிற அந்தத் தேயிலைத் தொழிற்சாலை மாப்பிள்ளையோட அம்மாவை வரச் சொல்லு. இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு."